கொடைக்கானலில் எதுவும் சொல்லாத மூன்று நாள்

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பக்கத்து சீட்டு அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்துக்கங்க. சன்னல் பக்கம் பாக்காதீங்க. இப்படி வெளிறிப் போய் உக்காந்திருக்கீங்களே, மலைக்குப் புதுசா?"

"மலைக்கும் புதுசுங்க, போற சோலிக்கும் புதுசு."

"என்ன சோலி?"

"தெரியலைங்க."

அந்த அம்மா பழத்தைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டைவிட்டு ஓடி வந்தவள் என்று நினைத்திருக்கலாம். நான் சொன்னது உண்மைதான். எதற்காக என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

விருதுநகரில் நான் தையல் தைத்துப் பிழைக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் வேலைக்காகக் கல்கத்தாவில் பன்னிரண்டு வருஷம் இருந்தோம். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டில் பூமிக்கு அடியில் ஈயத்தின் அணுக்கருக்களைக் கிட்டத்தட்ட வெளிச்சத்தின் வேகத்துக்கு ஓடவிட்டு எதிரெதிரே மோதவைக்கிறார்கள். மோதலில் தெறிப்பவற்றில் ஒன்று ஃபோட்டான், ஒளித்துகள். எந்தத் திசையில் எத்தனை ஃபோட்டான் தெறிக்கிறது என்று எண்ணத் தேன்கூடு மாதிரி அறைஅறையாகப் பலகைகள் வேண்டும். அறைக்கு ஒரு கம்பி. தலைமுடியைவிட மெல்லிசு, தங்கமுலாம் பூசியது. அதைத் தொய்யாமல் இழுத்துப் பிடித்துப் பற்றவைப்பதுதான் என் வேலை. ஊசியில் நூல் கோக்கிற கைக்கு அது வந்தது.

போன மாதம் கல்கத்தாவிலிருந்து பேராசிரியர் கூப்பிட்டார். தாதா என்போம் அவரை. அண்ணன் என்று அர்த்தம். விருதுநகரில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் போனில் பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"ராணி, கொடைக்கானலில் எங்கள் குழு கூடுகிறது. நீங்கள் வரவேண்டும். நீங்கள் கட்டிய பலகைகளைப் பற்றி ஒரு கேள்வி" என்றார் வங்காளியில்.

"என்ன கேள்வி தாதா?"

"மூன்றாம் நாள் கேட்போம். இப்போது சொல்லக்கூடாது. கார்த்திகா என்று ஒரு மாணவி. அவளுடைய மூன்று வருட உழைப்பு உங்கள் பதிலில்தான் நிற்கிறது. அவளும் சொல்லமாட்டாள், நீங்களும் கேட்கக்கூடாது."

"அந்தப் பிள்ளைக்கு எந்தப் பதில் நல்லது?"

"அதைத்தான் சொல்லக்கூடாது" என்றார். யாருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் ஞாபகம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம். அவர்கள் தங்களையே நம்பமாட்டார்கள். கணக்கு முடிகிறவரை முடிவைத் தங்கள் கண்ணிலிருந்தே மூடிவைத்து வேலை செய்கிறவர்கள். என்னை மட்டும் நம்பிவிடுவார்களா?

சொல்லாமல் விடுவதுபோல ஒரு தண்டனை எனக்கு வேறு இல்லை. அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருகிறவள் நான். கம்பி அறுந்துவிட்டதோ, பற்றவைப்பு விட்டுப்போனதோ, எங்கேயாவது தீப்பிடித்ததோ என்று ஒரு மாதம் தூக்கம் இல்லை. பிறகு அந்தத் தங்கக் கம்பி ஞாபகம் வந்தது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, குப்பைக்குப் போக வேண்டியது, மகளுக்குக் காட்டலாம் என்று பர்ஸில் வைத்து எடுத்துப்போனேன். அதைக் கண்டுபிடித்துவிட்டார்களோ?

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் கார்த்திகா நின்றாள். ஒல்லியான பெண், பெரிய கண்ணாடி, பத்து விரலிலும் நகத்தைக் கடித்துத் தின்றிருந்தாள். பழனிக்காரி. அடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை.

"ராணிக்கா தானே? வாங்கக்கா. குளிருதா? ஸ்வெட்டர் இருக்கா?"

"இருக்கும்மா. அந்தக் கேள்வி..."

"சாப்பிட்டீங்களா?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

தங்கின இடம் மாதாகோயில் தோட்டத்துக்குள் பழைய விருந்தினர் இல்லம். கல் கட்டடம், கூரை முழுக்க ஈரம். சமையல் புஷ்பம் அக்கா பார்த்துக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூட விடுதியிலேயே காலம் கழித்தவர். "ப்ரேக்ஃபாஸ்ட் எய்ட் ஓ க்ளாக் ஷார்ப். லேட்டா வந்தா ப்ரெட் மட்டும்தான், சொல்லிட்டேன்" என்று எனக்கும் சொன்னார், வெள்ளைக்காரர்களுக்கும் அதே குரலில் சொன்னார். ராத்திரிச் சாப்பாடாக ஆறு மணிக்கே ஸ்டூவும் ஆப்பமும் போட்டார். தேங்காய்ப் பாலில் காரட் மிதந்தது. நல்ல ருசிதான். ஆனால் எங்கள் ஊரில் எண்ணெயில் பொரிந்த புரோட்டாவைச் சால்னாவில் பிய்த்துப் போட்டுத் தின்று பழகினவளுக்கு இது காய்ச்சல்காரர் சாப்பாடு மாதிரி இருந்தது.

பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நாற்காலி இழுத்துப் போட்டார்கள், டீ கொண்டுவந்தார்கள், சால்வை கொடுத்தார்கள். நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போனதும் எல்லாரும் சிரித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினால், அந்த வீட்டில் நம்மைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். தலைமாட்டில் வைத்த தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் எண்ணெய் கல்லாக உறைந்துவிட்டது. கவிழ்த்தாலும் விழவில்லை. என் நெஞ்சும் அப்படித்தான் கிடந்தது.

மறுநாள் கூட்டத்துக்கு விடுமுறை. கூக்கால் ஏரி பார்க்கலாம் என்று இரண்டு ஜீப் பிடித்தார்கள். தாதா யோசித்து யோசித்து ஆட்களைப் பிரித்தார். கார்த்திகாவை முன் ஜீப்பிலும் என்னைப் பின் ஜீப்பிலும் ஏற்றினார். என் பக்கத்தில் உயரமான ஜெர்மன்காரப் பெண்மணி. இவருக்கு அந்தக் குழுவில் ஒரு வேலை உண்டு என்று தாதா முதல் நாளே அறிமுகப்படுத்தினார்: கார்த்திகாவின் முடிவை உடைக்கப் பார்ப்பது. பகையில்லை, முறை. ஒவ்வொரு முடிவுக்கும் இப்படி ஓர் ஆளை அவர்களே வைத்துக்கொள்வார்களாம். அந்த அம்மா வழியெல்லாம் எனக்குச் சாக்லேட் உடைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். பொம்பளைக்குக் கொழுப்பா, பாசமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பூம்பாறை தாண்டினால் படிப்படியாகப் பூண்டு வயல், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ். கூக்கால் ஏரி மலைகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் கிடக்கிறது. படகு இல்லை, குதிரை இல்லை, மக்காச்சோளம் விற்கிறவர் இல்லை. எல்லாரும் படம் எடுத்தார்கள். திரும்பும்போது ஒரு ஜீப் கிளம்பவில்லை. டிரைவர் முருகேசன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"பெல்ட்டு அந்துபோச்சு சார். வெரசா ஆகுற வேலை இல்ல."

வயசானவர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் நல்ல ஜீப்பில் நெருக்கி ஏற்றினார்கள். என் இடத்தை நான் ஓர் ஐயாவுக்குக் கொடுத்தேன். கார்த்திகா சின்னப் பெண், அதனால் அவளும் நின்றாள். ஜீப் நகரும்போது தாதா தலையை வெளியே நீட்டி எங்கள் இருவரையும் பார்த்து, "வேலையைப் பற்றிப் பேசவே கூடாது!" என்று வங்காளியில் கத்திக்கொண்டே போனார்.

"பஸ் எப்பங்க?" என்று கேட்டேன் முருகேசனை.

"காலையில வெள்ளனே ஒண்ணு போயிருச்சு. இனி வரும்."

"எத்தனை மணிக்கு?"

"வந்தா வரும்ங்க."

ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தோம். மேகம் இறங்கி ஏரியை மூடி மறுபடி திறந்தது. கார்த்திகா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. நேற்றும் அவள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ ஜெர்மனிக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியாமே, புஷ்பம் அக்கா சொன்னாங்க. இந்த முடிவை நம்பித்தானா?"

"அக்கா."

"கேள்வியைச் சொல்ல வேணாம். எந்தப் பதில் உனக்கு நல்லதுன்னு மட்டும் கண்ணைக் காட்டு. நான் அதையே சொல்லிட்டுப் போறேன். எனக்கென்ன, தையல்காரி. யாரு என்னைப் பிடிச்சுக் கேக்கப் போறா?"

அவள் மஃப்ளரை இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டு எழுந்து தண்ணீரோரமாக நடந்தாள். மேகத்துக்குள் கொஞ்ச நேரம் ஆளையே காணோம். நான் பயந்துபோய் முருகேசனைக் கூப்பிட்டேன். அவர் நிமிராமலே, "எங்கயும் போகாதுங்க. இங்கன போறதுக்கு என்ன கெடக்கு?" என்றார்.

திரும்பி வந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது.

"இன்னொரு தடவை கேட்டீங்கன்னா நான் நடந்தே கொடைக்கானல் போயிருவேன்."

"அம்புட்டுத் தூரமா? கால் ஒடிஞ்சு போகும்டி."

"ஒடியட்டும். நீங்க எனக்காக ஒண்ணு சொல்லி வைப்பீங்க. அதை நான் உலகம் பூரா இந்த வேலையில இருக்குற ஆயிரம் பேர் பேரோட அச்சடிப்பேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் எந்திரிச்சு, அது நிசமா ராணிக்கா இரக்கப்பட்டதான்னு யோசிக்கணும். வேணாம்க்கா. தயவுசெஞ்சு."

நான் வாயை மூடிக்கொண்டேன். கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அன்றைக்கு பஸ் வரவேயில்லை. முட்டைகோஸ் ஏற்றின வேன் ஒன்று வந்தது. மூட்டைமேல் உட்காரச் சொன்னார்கள். வளைவுக்கு வளைவு கோஸ் உருண்டு முதுகில் இடித்தது. வழியில் காட்டெருமை ஒன்று ரோட்டின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. வேன் டிரைவர் விளக்கை அணைத்துவிட்டு, "ஏலே, அது போற வரைக்கும் யாரும் இருமக் கூடாது" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இருமல் வந்தது. கார்த்திகா என் வாயைப் பொத்தினாள். பொத்தின கையோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை. தாதா, ஜெர்மன் அம்மா, இன்னும் இரண்டு பேர். கார்த்திகா கடைசி நாற்காலியில், முகம் எனக்குத் தெரியாதபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார வைக்கப்பட்டிருந்தாள். அதுவும் முறையாம்.

அவர்கள் வாயைத் திறக்குமுன் நான் ஆரம்பித்தேன். "தாதா, அந்தக் கம்பித் துண்டு என் பர்ஸில்தான் இருந்தது. விரல் நீளம்தான். மகளிடம் காட்டிவிட்டுக் குப்பையில் போட்டேன்."

தாதா இங்கிலீஷில் அதைச் சொன்னதும் ஜெர்மன் அம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். "அவர் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறதாம்" என்றார் தாதா.

பிறகு கேள்வி வந்தது. இதற்குத்தானா ஒரு மாதம் தூங்காமல் கிடந்தேன் என்று இருந்தது.

"ஒவ்வொரு பலகையிலும் அறைகளுக்கு எண் தொடங்கும் மூலையில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டுவீர்கள் அல்லவா? அதை எப்படி ஒட்டினீர்கள்? ஞாபகம் வருவதெல்லாம் சொல்லுங்கள். அவசரமில்லை."

பலகையைக் குப்புறப் போடுவோம். கம்பிகள் வந்து சேரும் இணைப்பு அட்டை பின்பக்கம் இருப்பதால் மேலே பார்த்திருக்கும். என் பக்கத்து விளிம்பில் இடது மூலையில் சிவப்பு. அப்படித்தான், ஒரு நாளும் மாறினதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த மழை வாரம் ஞாபகம் வந்தது.

கல்கத்தாவில் மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். சாப்பாட்டு டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்த வாரம் பூராவும் ஈரத்தில் பசை இறுகவில்லை. இணைப்பு அட்டை நழுவிவிடும் என்று குப்புறப் போடாமல் நியூஸ்பேப்பரை விரித்து மல்லாக்கப் போட்டோம். மல்லாந்து கிடந்த பலகைக்கும் என் கை பழக்கத்தில் என் இடது மூலையில்தான் சிவப்பை ஒட்டியது.

சொன்னேன். ஒருவர் எழுதுவதை நிறுத்தினார்.

"எத்தனை பலகை?" என்றார் தாதா. குரலில் ஒன்றுமே இல்லை.

"மூணு."

"எது எது?"

"அந்த வாரம் கட்டினது மூணு. தேதி உங்கள் புத்தகத்தில் இருக்கும்."

எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கார்த்திகாவின் முதுகு அசையவில்லை. என்ன நடந்தது, நான் நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று கேட்டேன். நாலு மணிக்கு அந்தப் பலகைகளைக் கணக்கில் திருப்பிப்போட்டுத்தான் புதுப் படத்தைத் திறப்போம், அதுவரை எங்களுக்கே தெரியாது என்றார் தாதா. ஜெர்மன் அம்மா எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

பழனி வழியாகத் திரும்புவதாக ஏற்பாடு. கார்த்திகா காரட்டும் பேரிக்காயும் போட்ட ஒரு பையை என்னிடம் கொடுத்தாள். "அப்பா கடையில குடுத்துருங்கக்கா. அடிவாரத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

பழனிக்கு இறங்குகிற ரோடு ஏறின ரோட்டைவிடக் குறுகல். முன்னால் வந்த லாரிக்கு வழிவிட எங்கள் பஸ் பின்னாலேயே போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. கண்டக்டர் பின்பக்கம் நின்று விசில் அடித்தபடி, "வா, வா, இன்னும் ஒரு சாண் இருக்கு" என்றார். ஒரு சாண்! அந்த இடத்தில்தான், பாதி பஸ் அந்தரத்தில் இருக்க, எனக்கு நாலாவது பலகை ஞாபகம் வந்தது.

மழை விட்டு வெயில் அடித்த அன்று கையில் ஒன்று இருந்தது. அது மல்லாந்து கிடந்ததா, குப்புறவா? கண்ணை மூடிப் பார்த்தேன். நியூஸ்பேப்பர் தெரிந்தது, வெயில் தெரிந்தது, பலகை தெரியவில்லை.

போன் எடுத்தேன். சிக்னல் வந்து வந்து போனது. மூன்றாவது தடவை கார்த்திகா எடுத்தாள்.

"திறந்துட்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா. நாலு மணிக்குத்தான்."

"நாலாவதா ஒண்ணு இருக்கும்மா. வெயில் அடிச்ச அன்னைக்கு. எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியலை. எவ்வளவு யோசிச்சாலும் வரலை. இதைச் சொல்லாம எனக்கு இருக்க முடியலை."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியலைன்னே எழுதிக்கிறேன்" என்றாள். "தேங்க்ஸ்க்கா. வைக்கட்டுமா?"

கீழே அணையும் வயலும் தெரிந்தன. தூரத்தில் முருகன் மலை ஒரு உருண்டைக் கல் மாதிரி இருந்தது. இறங்க இறங்க வெக்கை மேலேறி வந்து முகத்தில் அடித்தது. இரண்டு நாளாகப் பாட்டிலில் உறைந்து கிடந்த எண்ணெய் உருகிப் பைக்குள் கொட்டிவிட்டது. அதையும் அப்போது பார்த்தேன்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசின ஒரு குடும்பம் முன்னால் நின்றது. கார்த்திகாவின் அப்பா அட்டைப்பெட்டிகளில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே அவர்களுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். பையைக் கொடுத்தேன்.

"எம் பொண்ணு குடுத்துச்சா? உக்காருங்கம்மா. நீங்க அங்கன என்ன சோலியா போனீங்க?"

"முன்னாடி அந்த வேலையில இருந்தேங்க. அதைப் பத்தி ஒண்ணு கேட்டாங்க."

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்." பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "ரெண்டும் நேரா மோதாம ஓரமா மோதுச்சுன்னா, தெறிக்கிறது சுத்தியும் ஒண்ணுபோல தெறிக்காதாம். ரெண்டு பக்கம் கூட, ரெண்டு பக்கம் கம்மி. அது எல்லாருக்கும் தெரிஞ்சது. எம் பொண்ணு படத்துல மூணாவதா ஒரு மேடு நிக்குது. இந்தா, இந்த இடத்துல. உலகத்துல ஒருத்தரும் பாத்ததில்ல. எட்டாப்பு படிச்ச எனக்கே புரியிற மாதிரி சொல்லிக் குடுத்திருக்கு பாருங்க!"

என்னிடம் மறைத்து வைத்ததை எல்லாம் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சாட்சி இல்லையே. அவர் விரல் காற்றில் நின்ற இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூன்று பலகையும் அங்கேதான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மணி நாலரை.

போன் அடித்தது. கார்த்திகா.

"எங்கக்கா இருக்கீங்க?"

"உங்க கடையில."

"கொஞ்சம் தள்ளி வாங்க." நான் செருப்புக் கடைப் பக்கம் போனேன். "திறந்தாச்சுக்கா. மேடு இல்லை."

"கொஞ்சம்கூடவா?"

"வழிச்சு எடுத்த மாதிரி. மூணையும் திருப்பினதும் போயிருச்சு. உங்க நாலாவதைக் கணக்குல சேர்க்கவே இல்லை, தள்ளி வச்சுட்டோம். மத்ததெல்லாம் மறுபடி முதல்ல இருந்து எண்ணணும்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப உங்ககிட்டப் பேசலாம்ல. ரெண்டு நாளா எப்படி இருந்துச்சு தெரியுமா? உங்களைப் பாத்தாலே எல்லாத்தையும் கொட்டிரணும்னு இருந்துச்சு." பிறகு கொட்டினாள். எந்த வருஷம் அந்த மேட்டை முதலில் பார்த்தாள், பார்த்த அன்று யாரிடமும் சொல்லாமல் எப்படி வைத்துக்கொண்டாள், ஜெர்மனிக்கு இனி என்ன எழுதப் போகிறாள் என்பதெல்லாம். அழுதுகொண்டே பேசினாள், நடுவில் புஷ்பம் அக்கா தட்டில் வைத்த எதையோ தின்றுகொண்டும் பேசினாள். நான் ம் கொட்டிக்கொண்டே நின்றேன். மன்னிப்புக் கேட்க ஒரு சந்து கிடைக்கவில்லை.

கடைசியில், "அப்பாகிட்டக் குடுங்க. நானே சொல்லிடறேன்" என்றாள்.

கொடுத்தேன். அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மொட்டைக் குடும்பத்துக்குப் பாக்கிச் சில்லறை கொடுத்தபடியே கேட்டார். பிறகு கை நின்றது.

"ம்... ம்... மூணாவது மேடா?... ம்... தப்பை வேற யாரும் கண்டுபிடிச்சுச் சொன்னாங்களா, நீங்களேவா?... அப்ப சரி. அப்ப சரிம்மா. அழுவாத. அப்புறம் பேசுறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். "ஒட்டுனது நீங்கதானாம்ல?"

"ஆமாங்க."

திட்டுவார் என்று நின்றேன். அவர் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். "எப்படின்னு காட்டுங்க."

குப்புறப் போட்ட பெட்டியில் என் பக்கத்து இடது மூலையைத் தொட்டேன். அவர் அதில் ஒரு விலைத்தாளை ஒட்டினார். பெட்டியை மல்லாக்கத் திருப்பினார். விலைத்தாள் வலது பக்கம் போய்விட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தாங்க."

மறுபடி குப்புறத் திருப்பினார். இடது. மல்லாக்க. வலது. கடை முன்னால் அடுத்த கூட்டம் வந்து நின்று, ஒரு கிலோ என்ன விலை என்று கேட்டது. அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.